பாதிப் பாட்டில் கரண்டை நிறுத்திய நடுவர்

என் மருமகன் ஜெபகுமாருக்குப் பாட வராது. சர்ச்சில் எல்லோரும் எழுந்து நின்று பாடும்போது அவர் வாயை மட்டும் அசைப்பார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் டிவியில் பாட்டுக்கு மார்க் போட்டார் என்று சொன்னால், 'அவருக்கு இன்னா தெரியும்னு அங்க உக்கார வெச்சாங்க' என்று கேட்காத ஆளே எங்கள் பக்கத்தில் கிடையாது. நானும் ஒரு காலத்தில் கேட்டவள்தான்.

அவருக்குத் தெரிந்தது மோட்டார். நெம்மேலியில் இருந்து மேற்கே வந்தால் எங்கள் தெரு. பையனூர், மானாமதி, திருப்போரூர் வரைக்கும் எந்தக் கிணற்றில் மோட்டார் நின்றாலும், அணுபுரத்துக் குடியிருப்பில் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாவிட்டாலும் அவருக்குத்தான் போன் வரும். அவருடைய அப்பா பிறத்தியார் வயலுக்கு மடை திருப்பிக் கூலி வாங்கினவர். பிள்ளை அதே வயல்களின் கிணறுகளில் இறங்கி மோட்டாரைக் கற்றுக்கொண்டார்.

அவர் பையில் முழ நீளத்தில் ஒரு ஸ்க்ரூட்ரைவர் இருக்கும். ஓடுகிற மோட்டாரின் உடம்பில் அதன் முனையை வைப்பார். பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். அந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் இரும மாட்டார்கள். பிறகு கண்ணைத் திறந்து, 'பேரிங் போவுது, இன்னும் பதினஞ்சு நாளு' என்பார். கடல் காற்று அடிக்கிற ஊர், உப்பு உள்ளே போய்ச் சுற்றுகிற பாகத்தைத் தின்றுவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தண்ணீர் ஜோராக வந்துகொண்டிருக்கும்.

அணுபுரத்தில் ஒரு சார், ராமானுஜம் என்று பெயர், பெரிய படிப்பு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற மோட்டாரை நிறுத்தச் சொன்னதும் சிரித்துவிட்டாராம். 'தண்ணி வருதேப்பா' என்றாராம். 'தண்ணி வர்றப்பவே நிறுத்தினாதான் சார் சரி பண்ணலாம். நின்னப்புறம் எடைக்குத்தான் போடணும்' என்று சொல்லிவிட்டு இவர் வந்துவிட்டார். பன்னிரண்டாம் நாள் அந்த மோட்டார் எரிந்தது. இப்போது அந்த சார் வீட்டில் பிரிட்ஜ் முனகினால்கூட இவருக்குத்தான் போன்.

இவர் என் மகள் பிரதீபாவைக் கல்யாணம் செய்துகொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. நாங்கள் அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள், அவர்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். மூன்று வருஷம் நான் அவரோடு பேசவில்லை. என் வீட்டு மோட்டார் நின்றபோது கூப்பிடாமலே வந்தார். அரை நாள் உட்கார்ந்து பிரித்து மாட்டினார். நான் காபி கொடுக்கவில்லை. கிளம்பும்போது பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொல்வதுபோல், 'அத்த, தொட்டி ரொம்புற வரைக்கும் வெளிய நின்னு பாத்துகினே இருக்காதீங்க. முட்டி வலிக்கும். தானா நிக்கிறாப்பல ஒண்ணு மாட்டிகிறேன்' என்றார். என் முட்டி வலி என் மகளுக்கே தெரியாது. அன்றைக்கும் நான் பேசவில்லை. மறுநாள் பேசினேன். இப்போது அவர்களோடுதான் இருக்கிறேன்.

அவரிடம் பத்து வருஷம் கையாளாக இருந்தவன் லட்சுமணன். இன்றைக்குச் சொந்தமாக ஜெனரேட்டர் வண்டி வைத்து வாடகைக்கு விடுகிறான். இவர்கள் இருவருக்கும் நடுவில் ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. கிணற்றுக்குள் இறங்கி ஓடுகிற மோட்டாருக்குப் பக்கத்தில் நிற்கிறவர் கத்தினால் மேலே கேட்காது. அதனால் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கத்திரி போட்டதுபோல் காட்டுவார். சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்கிறவன் அந்தக் கணமே கரண்டை நிறுத்த வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. ஒரு தடவை லட்சுமணன் 'இன்னாண்ணே?' என்று குனிந்து கேட்டான். அவன் கேட்டு முடிப்பதற்குள் இவர் தோளில் இருந்த துண்டு மோட்டாரில் சுற்றிக்கொண்டு, இடது சுண்டுவிரலில் பாதியைக் கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து லட்சுமணன் கேட்டதே இல்லை.

டிவிக் கதைக்கு வருகிறேன். ஒரு டிவிக்காரர்கள் 'கரையோரக் குரல்' என்று எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பாட்டுப் போட்டி வைத்தார்கள். கூடுவாஞ்சேரியில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி, உள்ளே வண்ண வண்ணமாக விளக்குப் போட்டிருந்தார்கள். அதற்கு ஜெனரேட்டர் லட்சுமணனுடையது. இரண்டாம் நாள் அது விக்கி விக்கி ஓடியதால் அவன் இவரைக் கூப்பிட்டான். இவர் போய்ச் சரிசெய்துவிட்டு, மண்டபத்தின் பின்வாசலில் நின்று டீ குடித்தபோது மேடையில் ஒருவன் பாடிக்கொண்டிருந்தான்.

'லட்சுமணா, இவன் அடுத்த வாரம் பாட மாட்டான்' என்றார்.

'ஏண்ணே, சோக்காதானே பாடுறான்?'

'மேல ஏறும்போது பாரு, மூக்குல காத்துப் போவல. சளி எறங்கிகினு கீது.'

அந்த நிகழ்ச்சியை எடுக்கிற டைரக்டர் பரணிதரன் பக்கத்திலேயே நின்று கேட்டிருக்கிறார். மறுவாரம் அந்தப் பையன் காய்ச்சலோடு வந்து பாட முடியாமல் அழுதான். பரணிதரன் நேராக எங்கள் வீட்டுக்குக் கார் அனுப்பிவிட்டார்.

அந்தப் போட்டியில் பாடகி வரலட்சுமி தலைமை நடுவர். அவரைத் தவிர 'மக்கள் நடுவர்' என்று ஐந்து பேர். பாட்டுப் படிக்காத சாதாரண ஜனங்கள்தான் வேண்டுமாம். ஒரு கண்டக்டர், ஒரு தையல்காரம்மா, அப்படி. அதில் இவரையும் உட்கார வைத்து, 'மோட்டார் அண்ணன்' என்று கீழே எழுத்துப் போட்டார்கள். பிரதீபா புதுச் சட்டை வாங்கிக் கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டு கழுத்தைத் திருப்ப முடியாமல் உட்கார்ந்திருந்தார் பாவம்.

ஐந்து பேருக்கும் ஆளுக்கு ஐந்து அட்டை கொடுத்திருந்தார்கள். எழுத்து எனக்குத் தெரியாது, பஸ் நம்பர் பார்த்துப் பார்த்து எண் தெரியும். ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. அவ்வளவுதான் அட்டை.

'ஆறுக்குக் கீழ இல்லியா சார்?' என்று முதல் நாளே பரணிதரனைக் கேட்டிருக்கிறார்.

'பசங்க மனசு ஒடஞ்சிடும் அண்ணே.'

'அப்ப ஆறுன்னா சைபரா?'

'அப்படியே வெச்சிக்கோங்களேன்.'

இவர் அதை அப்படியே வைத்துக்கொண்டார். மற்ற நாலு பேரும் ஒன்பதும் பத்துமாக வாரி விடுவார்கள். இவர் ஏழு அட்டையைத் தூக்குவார். கேட்டால், 'நல்லா கீதும்மா. ரெண்டாவது தடவ மேல போவும்போது மூச்சுப் பத்தல. சாப்ட்டியா?' என்பார். அந்தப் பெண் சாப்பிடாமல் வந்திருக்கும். ஜனங்களுக்கு அது பிடித்துப்போயிற்று. டீக்கடையில் போண்டாவைக் கடித்துப் பார்த்து, 'ஏழு' என்று விளையாட ஆரம்பித்தார்கள்.

போட்டியில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி இருந்தாள். கவியா. எங்களுக்கு அடுத்த வீடு. அவள் அம்மா மேரி, பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீசில் தரை துடைக்கிற வேலை செய்கிறாள். காலை ஐந்தரைக்கு வேன் ஏறினால் சாயங்காலம்தான் வருவாள். புருஷன் இல்லை. ஒரே பெண், செங்கல்பட்டில் காலேஜ் படிக்கிறது, சர்ச்சில் பாடுகிறது. கிறிஸ்துமஸ் அன்றைக்கு அந்தப் பெண் பாடினால் சர்ச்சுக்குப் போகாத நானே வாசலில் போய் நிற்பேன். முதல் பரிசு கூடுவாஞ்சேரியில் ஒரு வீடு. இரண்டு ரூம், சமையலறை, ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரம். மேரி அந்த வீட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வெளியில் இருந்து பார்த்துவிட்டு வந்தாள். எந்த ஜன்னலில் எந்தத் துணி தொங்கவிடுவது என்றுகூட என்னிடம் சொன்னாள்.

நம் தெருப் பெண்ணுக்கு நானே மார்க் போடலாமா என்று ஜெபகுமார் பரணிதரனைக் கேட்டார். 'அஞ்சு பேர்ல நீங்க ஒருத்தர்தானே அண்ணே. ஜனங்களுக்கு இது இன்னும் பிடிக்கும்' என்றார் அவர். இவர் கவியாவுக்கு ஒரு எட்டு, இரண்டு ஒன்பது கொடுத்தார். பத்துக் கொடுக்கவில்லை என்று தெருவே பேசியது. நானும் சோறு போடும்போது சொன்னேன்.

'பத்துன்னா இதுக்கு மேல இல்லன்னு ஆயிடும் அத்த. அவகிட்ட இன்னும் கீது' என்றார்.

கவியா அரை இறுதிக்கு வந்தாள். அதற்கு முன்னால் மூன்று வாரம் ஓயாத ஒத்திகை. காலையில் காலேஜ், மத்தியானத்தில் இருந்து மண்டபம், வீட்டுக்கு வந்தும் பாட்டு. மேரி பாலில் மிளகு தட்டிப் போட்டுக் கொடுத்தாள், பனங்கற்கண்டு கொடுத்தாள், ஆவி பிடிக்க வைத்தாள். கடையில் கேட்டு ஒரு மாத்திரையும் வாங்கிக் கொடுத்தாள். மாத்திரை போட்டால் இரண்டு மணி நேரம் குரல் கணீர் என்று வரும். எங்களுக்கெல்லாம் அதைக் கேட்டுச் சந்தோஷம். இவருக்கு மட்டும் முகம் சரியில்லை. காலையில் பல் துலக்கிக்கொண்டே சுவருக்கு அந்தப் பக்கத்தைக் கேட்டபடி நிற்பார்.

ஒரு நாள் மேரி வேன் ஏறப் போகும்போது வழியில் நிறுத்தினார்.

'மேரி, அந்தப் பொண்ணு தொண்டைல ஒரு சத்தம் கீது. காலைல வாயத் தொறந்தா மொத வார்த்த வர்றதில்ல. டாக்டராண்ட காட்டு.'

'காட்டுறேண்ணே. இன்னும் ரெண்டே பாட்டு. அரை இறுதி ஒண்ணு, இறுதி ஒண்ணு. முடிஞ்சதும் ஒரு மாசம் வாயே தொறக்க வாணாம்னு சொல்லிட்றேன்.'

'ரெண்டு தாங்காது மேரி.'

'நல்ல வாயா நாலு வார்த்த சொல்லுண்ணே. வேன் வந்துட்ச்சி' என்று ஏறிப் போய்விட்டாள்.

அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். பத்து வருஷமாகத் தரை துடைக்கிறவளிடம் இன்னும் இரண்டே பாட்டு என்று யாராவது சொன்னால் அவள் எதை நம்புவாள்?

அரை இறுதி அன்றைக்கு எங்கள் தெருவில் இருந்து இருபது பேர் போனோம். காலை பதினோரு மணி இருக்கும். மண்டபத்துக்குள் வெளிச்சம் தெரியாமல் கட்டியிருந்ததால் வெளியில் வெயில் கொளுத்துவதே மறந்துவிட்டது. ஒரு பையன் அட்டையைத் தூக்கிக் காட்டினால் கை தட்ட வேண்டும், இறக்கினால் நிறுத்த வேண்டும். தலைக்கு ஒரு எலுமிச்சைச் சாதப் பொட்டலம். நான் நாலாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து ஜெபகுமாரின் முகம் நன்றாகத் தெரிந்தது. லட்சுமணன் பின்வாசலில் சுவிட்சுப் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கவியா நீலத் தாவணியில் வந்தாள். ஆரம்பித்ததுமே சனங்கள் அடங்கிப்போனார்கள். எனக்குப் பாட்டு நுணுக்கம் தெரியாது, உடம்பு சிலிர்த்தது, அதுதான் தெரியும். மேரி முன் வரிசையில் இரண்டு கையையும் கோத்து வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். மற்ற நாலு நடுவரும் சிரித்த முகமாகத் தலையாட்டினார்கள். ஜெபகுமார் கண்ணை மூடியிருந்தார். அவர் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

இரண்டாவது சரணத்தில் பாட்டு மேலே மேலே ஏறுகிற இடம். அந்தப் பெண் கையைத் தூக்கி, கண்ணை இறுக்கி, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டிப் பாடினாள். தட்டச் சொல்கிற அட்டை வருவதற்கு முன்னாலேயே கைதட்டல் ஆரம்பித்துவிட்டது. அப்போதுதான் என் மருமகன் எழுந்தார். கண் இன்னும் மூடியபடிதான் இருந்தது. இரண்டு கையும் தலைக்கு மேலே போயின, கத்திரி போட்டு நின்றன.

பட்டென்று எல்லாம் அணைந்தது.

விளக்கு, மைக், கேமரா, மின்விசிறி, ஒன்றுகூட மிச்சமில்லை. இருட்டில் ஒரு குழந்தை அழுதது. செல்போன் வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக வந்தன. பரணிதரன் பின்வாசலுக்கு ஓடினார்.

'யார்யா கட் பண்ணது?'

'நான்தான் சார்' என்றான் லட்சுமணன்.

'ஏன்?'

'அண்ணன் கை காட்டிச்சி சார்.'

'கை காட்டினா?'

'நிறுத்தணும் சார். கெணத்துல கை காட்டினா கேள்வி கேக்கக் கூடாது.'

'யோவ், இது கெணறாய்யா?'

லட்சுமணன் சுற்றிப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கே அது கிணறு இல்லை என்று தெரிந்தது. நான் பின்னால் ஜெபகுமாரிடம் கேட்டேன், வேண்டுமென்றே செய்தீரா என்று. 'இல்ல அத்த, கை தானா போச்சு. லட்சுமணன் அங்க நிக்கிறான்றதே எனக்கு நெனப்பில்ல' என்றார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை.

மேரி இருட்டிலேயே அவர் சட்டையைப் பிடித்துவிட்டாள்.

'இன்னாண்ணே பண்ணே? இன்னாதான் பண்ணே? எம்பொண்ணு பாடினது உனக்குக் கண்ணுல குத்திச்சா? ஊரான் புள்ளைக்குக் கை தட்டிகினு எங்களுக்குக் கத்திரி போட்றியா?'

அவர் சட்டையை விடுவித்துக்கொள்ளவில்லை. 'தொண்ட போவுது மேரி' என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஜெனரேட்டரைத் திரும்ப ஓட வைக்கக் கால் மணி நேரமாவது ஆகும் என்றார்கள். கரண்ட் வந்ததும் கவியா முதலில் இருந்து பாடலாம் என்று பரணிதரன் அறிவித்தார். மேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'அப்பாடா' என்று மகளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். அந்தச் சமயத்தில் பாடகி வரலட்சுமி தன் நாற்காலியை விட்டு இறங்கி வந்தார். செல்போன் வெளிச்சத்தில் கவியாவின் பக்கத்தில் மேடைப் படியில் உட்கார்ந்தார்.

'கடைசியா பாடினியே அந்த வரி, அதையே எனக்கு மெதுவாப் பாடிக் காட்டும்மா. தொட்டில்ல கொழந்த தூங்குது, எழுந்துடக் கூடாது. அவ்ளோ மெதுவா.'

கவியா வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றாள். பாதி எழுத்து வந்து உடைந்தது. சத்தம் போட்டுப் பாடினால் வருகிற பாட்டு, மெதுவாகப் பாடினால் வரவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்தப் பெண்ணின் முகத்தை அப்போது பார்த்திருக்கக் கூடாது.

'எத்தனை நாளா இப்படி?' என்றார் வரலட்சுமி.

பத்து என்று விரலைக் காட்டினாள் கவியா.

'தொண்டைக்குள்ள வீக்கம் இருக்கும்னு நெனைக்கிறேன். பலமா தள்ளினா இன்னைக்கு வரும். நாளைக்கு வருமான்னு நான் சொல்ல மாட்டேன். பாடுறதும் விடுறதும் உன் இஷ்டம்.'

மேரி கீழே உட்கார்ந்துவிட்டாள். 'ஒரு பாட்டு கண்ணு. ஒரே ஒரு பாட்டு. அப்புறம் நானே உன்ன வாயத் தொறக்க வுட மாட்டேன்' என்றாள். கட்டளை மாதிரி இல்லை அது, கெஞ்சல். கவியா அம்மாவைப் பார்த்தாள். பிறகு நடுவர் வரிசைக்கு முன்னால் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்ற ஜெபகுமாரைப் பார்த்தாள்.

'மாமா' என்றாள், கரகரவென்று. 'இப்ப நிறுத்திட்டா திரும்ப வருமா?'

எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். வரும் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

'தெரியாதும்மா' என்றார். 'நிறுத்தலன்னா வராதுன்றது மட்டும் தெரியுது.'

அவள் எழுந்தாள். அப்புறம் தாவணியில் குத்தியிருந்த சின்ன மைக்கை எடுத்து, ஒயரைச் சுற்றி, பரணிதரன் கையில் கொடுத்துவிட்டாள். வெளியில் லட்சுமணனின் ஜெனரேட்டர் அப்போதுதான் பிடித்து ஓடத் தொடங்கியது. விளக்கெல்லாம் வந்தன. மேடையில் யாரும் இல்லை.

செங்கல்பட்டில் டாக்டர் பார்த்தார். குரல் நாண் என்று ஒன்று இருக்கிறதாம், அதில் வீக்கம். ஆறு வாரம் பேசக் கூடாது, கிசுகிசுக்கக்கூடக் கூடாது. பிறகு பார்க்கலாம் என்றார். சரியாகிவிடும் என்று அவரும் சொல்லவில்லை.

டிவியில் அந்த வாரம் கவியா பாடியதைக் காட்டவில்லை. உடம்பு சரியில்லாததால் விலகிக்கொண்டார் என்று ஒரு வரி போட்டார்களாம், பிரதீபா படித்துச் சொன்னாள். ஜெபகுமாரை அப்புறம் அவர்கள் கூப்பிடவில்லை. லட்சுமணனின் ஜெனரேட்டரையும் மாற்றிவிட்டார்கள். அவன் வருத்தப்படவில்லை. 'வுடு அண்ணே, ஆடி மாசம் கூழ் ஊத்துறதுக்கே நாலு ஊர்ல கேட்டுகிறாங்க' என்றான். கூடுவாஞ்சேரி வீடு ஒரு மதுராந்தகத்துப் பையனுக்குப் போயிற்று. நன்றாகத்தான் பாடினான். அந்த நிகழ்ச்சி ஓடும்போது அடுத்த வீட்டில் டிவிச் சத்தம் சட்டென்று நின்றது எங்களுக்குக் கேட்டது.

மேரி எங்களோடு பேசவில்லை. பிரதீபாவிடம் தலையாட்டுவாள், என்னிடம் ஒன்றிரண்டு வார்த்தை. ஜெபகுமாரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தெருவில் போகும்போது சின்னப் பிள்ளைகள் அவரைப் பார்த்துத் தலைக்கு மேலே கத்திரி போட்டுக் காட்டின. பெரியவர்களும் சும்மா இல்லை. கல்யாண வீட்டில் மைக் செட் போட்டுக்கொண்டிருந்த ஆல்வின், 'மச்சான், சுவிட்சு இடது பக்கம் கீது. நீ வலது பக்கமா உக்காரு, கையக் கட்டிக்கோ' என்றான். இவர் சிரித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

பேசாமல் இருப்பதில் நானும் சளைத்தவள் இல்லை. மூன்று வருஷம் இருந்து பார்த்தவள். அதனால் அது எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேரி வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். உள்ளே கவியா செல்போனில் எழுதி எழுதி யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

'எம்மருமவன் மேல கோவம் போவலியா?' என்றேன்.

'அவரு கெட்டவருன்னு சொல்லல பெரிம்மா. எங்க தண்ணி மோட்டாருக்கு இன்னிக்கு வரைக்கும் காசு வாங்கினதில்ல. ஆனா ஒண்ணு கேக்குறேன். அவரு காது தப்பா இருந்திச்சின்னா? இன்னும் ரெண்டு பாட்டுத் தாங்கியிருந்திச்சின்னா? வூடு வந்திருக்கும், தொண்டைக்கு அப்புறம் வைத்தியம் பாத்திருப்பேன். யாரு வந்து சொல்லப்போறாங்க எனக்கு?'

எழுந்து வந்துவிட்டேன். வந்ததும் அதை அப்படியே அவரிடம் கேட்டேன். மனசில் வைத்துக்கொள்ள எனக்குத் தெரியாது.

அவர் கொல்லையில் உட்கார்ந்து ஒரு பம்பைக் கழுவிக்கொண்டிருந்தார்.

'மோட்டார்னா பிரிச்சி, பேரிங்க கையில குடுத்து, பாருங்க எப்படித் தேஞ்சி கீதுன்னு காட்டிடுவேன் அத்த' என்றார். 'இத எப்படிப் பிரிச்சிக் காட்டறது? நான் சொன்னது சரின்னா, அது எப்பவும் யாருக்கும் தெரியாது. தப்புன்னாலும் தெரியாது.'

'அப்ப எதுக்கு வருத்தப்பட்றீரு?'

'பொண்ணுக்குக் கொரலு திரும்ப வரணுமே அத்த.'

ஆறு வாரம் முடிந்த மறுநாள் மேரி வேலைக்கு லீவு போட்டாள். தாயும் மகளும் காலையில் செங்கல்பட்டு பஸ் ஏறினார்கள். ஜெபகுமாருக்கு அன்றைக்குத் திருக்கழுக்குன்றத்தில் வேலை இருந்தது. அவர் போகவில்லை. பையில் இருந்த சாமான்களையெல்லாம் வாசலில் கொட்டித் துடைக்கிறேன் என்று உட்கார்ந்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். பிரதீபா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாள். நானும் கூப்பிட்டேன், அப்புறம் நானும் வாசலிலேயே ஒரு முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

மத்தியானம் மூன்று மணிக்குத் தெருமுனையில் இருவரும் தெரிந்தார்கள். மேரி தன் வீட்டுப் படலைத் திறக்கப் போனாள். கவியா எங்கள் வாசலுக்கு வந்துவிட்டாள். மேரி அங்கேயே நின்றாள்.

'மாமா' என்றாள் கவியா.

இவர் கையில் இருந்த துணியைக் கீழே வைத்தார்.

'பேசலாம்னாரு. பாட்டு, தெனம் பத்து நிமிசம். மேல போவக் கூடாது.'

அங்கேயே, வெயிலில், செருப்பைக்கூடக் கழற்றாமல், கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு பாடினாள். சர்ச்சில் பாடுகிற பாட்டுத்தான், நான் வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். பழைய மாதிரி இல்லை. முன்பு வெண்கலத்தைத் தட்டினதுபோல் இருக்கும். இப்போது கீழே, சன்னமாக, துணி போர்த்தினதுபோல் வந்தது. ஒரு இடத்தில் பாட்டு மேலே ஏற வேண்டும். அவள் ஏறவில்லை. அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். நாலு வரி பாடிவிட்டு நிறுத்தினாள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

மேரி எங்கள் வாசலுக்கு வந்துவிட்டிருந்தாள்.

'எப்படிண்ணே கீது?' என்றாள். நாற்பத்தைந்து நாளில் அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

அவர் யோசித்தார். நல்லதாக ஏதாவது சொல்லும் என்று நான் முறத்தால் அவர் முதுகில் இடித்தேன். இந்த மனுஷனுக்கு அதெல்லாம் உறைக்காது.

'புதுசா கீது மேரி. பழைய குரல் இது இல்ல' என்றார். 'அது வருமா, இல்ல இதுவே இன்னொண்ணா வளருமா, எனக்குச் சொல்லத் தெரியல. கெட்ட சத்தம் இல்ல. இன்னும் கேட்டாத்தான் தெரியும்.'

மேரி சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையால் மகளின் கழுத்து வேர்வையைத் துடைத்தாள்.

'அப்ப கேளு' என்றாள். 'ஆறு மணிக்கு நான் வேலைல இருந்து வந்துடுவேன். வந்தப்புறம் பாடச் சொல்றேன். உங்க பக்கத்து ஜன்னலத் தொறந்து வெக்கிறேன். ஏதாவது சரியில்லன்னா செவத்தத் தட்டு. கையக் கிய்யத் தூக்காத.'

அன்றிலிருந்து சாயங்காலம் ஆறு மணி என்றால் என் மருமகனை வீட்டில் பார்க்கலாம். போன வாரம் பையனூரில் கல்யாண வீட்டுக்காரர் ஒருவர், தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை, வந்தே ஆக வேண்டும் என்று போனில் கத்தினார். இவர், 'இதோ வந்துட்றேங்க, ஆறரைக்குக் கெளம்பிட்றேன்' என்று சொல்லிவிட்டு, போனை அணைத்து, ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார்.